ஃப்ளூகொனசோல் போட்டும் கடி திரும்பத் திரும்ப வருகிறது, கிழமைக்கு ஒன்று போடலாமா?

கொக்குவில் ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தால் சரிவராது, நேரே கேட்டுவிடுகிறேன். எனக்கு 41 வயது. சீனி வருத்தம் இருக்கிறது, மெற்ஃபோமினும் கிளிக்ளசைட்டும் போடுகிறேன். சீனி இறங்கவில்லை என்று தனியார் டொக்டர் ஒருவர் எம்பாகிளிஃப்ளோசின் என்று புதுக் குளிசை ஒன்றும் சேர்த்து எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்தக் கரைச்சல். கீழே ஒரே கடி, அரிப்புத் தாங்க ஏலாது, வகுப்பில் நின்று படிப்பிக்க ஏலாத அளவுக்கு. வெள்ளை படுவது தயிர்க்கட்டி மாதிரி இருக்கிறது, மணம் ஒன்றும் இல்லை, சலம் போகும்போது எரிகிறது.

முதல் தரம் பாமசியில் கேட்டேன். டொக்டரின் துண்டு இருக்கிறதா, வேறு மருந்து ஏதும் போடுகிறீர்களா என்று ஒரு கேள்வியும் இல்லை, இது பங்கசு என்று ஃப்ளூகொனசோல் 150 மில்லிகிராம் கப்சூல் ஒன்றை உறைக்குள் போட்டுத் தந்துவிட்டார்கள். போட்டேன், இரண்டு மூன்று நாளில் நின்றது. பிறகும் வந்தது, பிறகும் போட்டேன், அந்த முறை முழுதாக நிற்கவில்லை. இப்போது மூன்றாம் தரம். கனடாவில் இருக்கும் மச்சாளிடம் சொன்னால், "எனக்கும் இப்படித்தான் வந்தது, கிழமைக்கு ஒன்று ஆறு மாதம் போடச் சொன்னவை, நீயும் போடு" என்கிறா. அப்படிப் போடலாமா? ஈரல் பழுதாகும் என்று பக்கத்து வீட்டு அன்ரி பயப்படுத்துகிறா.

இன்னொன்று, அம்மாவுக்கு 72 வயது. இருதய வால்வு மாற்றினவ, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறா. பல்செட் போடுகிற இடத்தில் மேலண்ணம் சிவந்து, நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதுவும் பங்கசுதானாம். என்னிடம் ஒரு கப்சூல் மிச்சம் இருக்கிறது, அவவுக்குக் கொடுக்கலாமா?

கிளினிக்கில் காட்டச் சொல்வீர்கள் என்று தெரியும். அங்கே இப்போது இருக்கிற டொக்டர் என்னிடம் படித்த பெடியன்.

மானிப்பாய் பவா:

ரீச்சர், உங்களுக்கு வந்தது எனக்கும் வந்தது, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மருந்து பற்றித் தெரிந்த ஆக்கள் சொல்லட்டும், நான் சொல்வது ஒன்றுதான்: டெற்றோல் விட்டுக் கழுவாதீர்கள். எங்கட வீட்டில் எதற்கெடுத்தாலும் டெற்றோல், அல்லது வேப்பிலை அவித்த தண்ணி. வேப்பிலைத் தண்ணியை வெளியில் ஊற்றிக் கழுவினால் போகட்டும், ஆனால் உள்ளே விட்டு அலசினால் அங்கே இருக்கிற நல்ல கிருமியும் சேர்ந்து போய்விடும் என்று எனக்கு மகப்பேற்று டொக்டர் விளங்கப்படுத்தினவ. டெற்றோல் போட்டால் கடியோடு புண்ணும் சேரும். சும்மா தண்ணி போதும். பருத்தி உடுப்புப் போடுங்கோ, இந்த வெயிலுக்கு நைலோனை இறுக்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் எந்தக் குளிசையும் கேட்காது. உள்ளிப் பல்லை உள்ளே வைக்கச் சொல்லி ஃபேஸ்புக்கில் ஒருவர் எழுதியிருந்தார், அதை மட்டும் செய்துபோடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

பாமசிக்காரன்_திருநெல்வேலி:

அக்கா, நான் பாமசிஸ்ட். துண்டும் கேட்காமல், சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் கேட்காமல் அந்தக் கப்சூலைத் தந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிசை கெட்ட குளிசை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வேறு வருத்தம் இல்லாத, கர்ப்பம் இல்லாத ஒரு பெண்ணுக்கு எப்போதாவது ஒரு தரம் வந்தால் 150 மில்லிகிராம் ஒரே ஒரு கப்சூல் என்பது உலகம் முழுக்கக் கொடுக்கிற அளவு. சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம் பின்னும் போடலாம். அது உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 30 மணித்தியாலம் ஆகும், அதனால்தான் ஒன்று போட்டால் சில நாள் வேலை செய்கிறது. அன்றைக்கே கடி நிற்கவில்லை என்று அடுத்த நாள் இன்னொன்று போடுகிற ஆக்கள் இருக்கினம், அது தேவையில்லை, மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். தலையிடி, வயிற்றுப் பிரட்டல், வயிற்று நோ கொஞ்சம் வரலாம். அன்ரி சொன்ன ஈரல் விசயம் முழுப் பொய்யும் இல்லை, ஆனால் ஒரு கப்சூலில் ஈரல் பழுதாவது மிக அரிது. கன நாள் போடுகிறவர்களுக்கும், முந்தியே ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும்தான் இரத்தம் சோதித்துப் பார்ப்பார்கள். கண் மஞ்சளானால், சலம் தேயிலைச் சாயம் போல் கறுத்துப் போனால், உடம்பில் கொப்புளமாகப் போட்டால், உடனே மருந்தை நிற்பாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

ஆனால் உங்கட கதை வேறு. மூன்று விசயம் இருக்கிறது.

முதலாவது கிளிக்ளசைட். அதை உடைத்து வெளியேற்றுகிற ஈரல் நொதியை ஃப்ளூகொனசோல் தடுக்கும். கிளிக்ளசைட் உடம்பில் கூட நேரம் நின்று சீனி கீழே இறங்கலாம். ஒரு கப்சூலுக்கு எல்லாருக்கும் இறங்காது, உங்களுக்கு இரண்டு தரமும் ஒன்றும் நடக்கவில்லைப் போல. ஆனால் கிழமைக்கு ஒன்று என்று தொடங்கினால் அது வேறு கணக்கு, நிற்பாட்டின பிறகும் நாலைந்து நாளுக்கு அந்தத் தடை இருக்கும். போட்ட நாட்களில் விரல் குத்திச் சீனி பாருங்கோ, சாப்பாட்டைத் தவற விடாதீர்கள், வியர்த்துக் கை நடுங்கினால் சீனித் தண்ணி குடியுங்கோ. மெற்ஃபோமினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது எம்பாகிளிஃப்ளோசின். எனக்கு இதில்தான் கூடச் சந்தேகம். இந்தக் குளிசை சீனியைக் குறைப்பதே அதைச் சலத்தோடு வெளியில் அனுப்பித்தான். சலத்தில் சீனி போனால் பங்கசுக்கு அந்த இடத்தில் சாப்பாடு தயார். பெட்டிக்குள் இருக்கிற தாளிலேயே இந்தப் பக்கவிளைவு முதல் வரிசையில் எழுதியிருக்கும், அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினுக்கும் அப்படித்தான். கப்சூல் பங்கசைக் கொல்ல, மற்றக் குளிசை அதற்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தால் எத்தனை கப்சூல் போட்டும் காணாது. ஆனால் நீங்களாக அதை நிற்பாட்டாதீர்கள். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்து அது, என்ன நினைத்து எழுதினார் என்று எழுதின டொக்டருக்குத்தான் தெரியும். போய் "இதைத் தொடங்கினதில் இருந்து இப்படி" என்று சொல்லுங்கோ. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தப் பக்கம் வீங்கி, தாங்க ஏலாத நோவும் காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த வகைக் குளிசை போடுகிற மிகச் சிலருக்கு அங்கே சதை அழுகுகிற தொற்று வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 இல் எச்சரித்தது.

மூன்றாவது, சீனி கட்டுப்பாட்டில் இல்லாத ஆளுக்கு ஒற்றைக் கப்சூல் வைத்தியம் பல நேரம் போதாது. ஏழு முதல் பதினாலு நாள் வரை உள்ளே வைக்கிற மருந்தோ கிறீமோ தருவார்கள், அல்லது மூன்று நாள் இடைவெளியில் இரண்டு மூன்று கப்சூல். உங்கட மச்சாள் சொன்ன ஆறு மாதக் கணக்கு அவ கற்பனையில் சொன்னது இல்லை, அப்படி ஒரு முறை உண்மையில் இருக்கிறது. முதலில் மூன்று நாளுக்கு ஒன்று வீதம் மூன்று கப்சூல், பிறகு கிழமைக்கு ஒன்று ஆறு மாதம். ஆனால் அது ஒரு வருசத்தில் மூன்று தரமோ அதற்கு மேலோ வந்து, சுவாப் எடுத்து, அதாவது பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துச் சோதித்து, இன்ன பங்கசு என்று உறுதியான ஆக்களுக்கு. ஏனென்றால் எல்லாப் பங்கசும் வழமையாக வருகிற கன்டிடா அல்பிகன்ஸ் இல்லை. சீனி வருத்தக்காரரில் கன்டிடா கிளப்ராட்டா கொஞ்சம் கூடுதலாகக் காணப்படும், அது ஃப்ளூகொனசோலுக்கு வடிவாகக் கேட்காது. கன்டிடா குரூசை என்று ஒன்று, அதற்கு அறவே கேட்காது. அதைத் தெரியாமல் ஆறு மாதம் போட்டால் காசும் ஈரலும்தான் வீண். சுவாப் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மிச்சக் கப்சூலைப் போடாமல் போங்கோ.

அம்மாவுக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம். வார்ஃபரினோடு ஃப்ளூகொனசோல் போட்டால் இரத்தம் உறையக் கூட நேரம் எடுக்கும், அதைக் காட்டுகிற ஐஎன்ஆர் என்ற சோதனை அளவு ஏறும், மூக்காலும் குடலாலும் இரத்தம் போகலாம், வயசான ஆக்களுக்கு மூளையிலும் கசியலாம். ஒரு கப்சூலிலும் ஏறின ஆக்கள் இருக்கினம். "அப்ப குளிசை வேண்டாம், வாய்க்குப் பூசுகிற ஜெல் வாங்குவம்" என்று யாராவது மைக்கொனசோல் ஜெல் தந்தால் அதையும் வாங்காதீர்கள். பூசுகிற மருந்துதானே என்று எல்லாரும் நினைப்பது, ஆனால் வாயால் விழுங்குப்பட்டு வார்ஃபரினோடு அதே வேலையைச் செய்யும், 2016 இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தவை. நிஸ்ரற்றின் துளி மருந்து இரத்தத்தில் கிட்டத்தட்டச் சேராது, வாயில் வைத்து அலசி விழுங்குவது. டொக்டரிடம் வார்ஃபரின் கொப்பியைக் காட்டி அதைப் பற்றிக் கேளுங்கோ. பல்செட்டை இரவில் கழற்றி வைக்கிறாவா? அதைப் போட்டுக்கொண்டே படுத்தால் எந்த மருந்துக்கும் மாறாது. ஆஸ்துமாவுக்கு இழுக்கிற மருந்து ஏதும் எடுக்கிறா என்றால் இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கோ.

சுன்னாகம் சிவா:

நல்ல விளக்கம் தம்பி. எனக்குப் படர்தாமரைக்குத் தந்த கிறிசியோஃபல்வின் கொஞ்சம் வீட்டில் கிடக்கிறது, முந்தி ஒருக்கா தந்த கெற்றோகொனசோல் குளிசையும் கிடக்கிறது. இரண்டும் பங்கசு மருந்துதானே. மனுசிக்கும் ரீச்சருக்கு வந்தது மாதிரித்தான் சொல்கிறா, காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?

பாமசிக்காரன்_திருநெல்வேலி:

அண்ணை, இரண்டையும் கொடுக்காதீர்கள். கிறிசியோஃபல்வின் படர்தாமரைப் பங்கசுக்கு மட்டும், இந்தப் பங்கசுக்கு அது வேலையே செய்யாது. டேபினஃபின் குளிசையையும் இதற்கு நம்பிப் போடக்கூடாது. கெற்றோகொனசோல் குளிசை வேலை செய்யும், ஆனால் ஈரலுக்கு ஆபத்து என்று 2013 இல் ஐரோப்பாவில் நிறுத்தச் சொன்னார்கள், அமெரிக்காவில் வேறு வழியில்லாத பெரிய தொற்றுகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஷம்பூவும் கிறீமும் வேறு விசயம், அதில் பயமில்லை. குளிசையைத் தூக்கி எறியுங்கோ. மனுசிக்கு இது பங்கசுதான் என்று யார் சொன்னது? வெள்ளை சாம்பல் நிறமாக, தண்ணியாக, மீன் மணம் மணந்தால் அது பக்ரீரியாத் தொற்று, நுரைத்து மஞ்சள் பச்சையாக வந்தால் வேறொன்று, இரண்டுக்கும் பங்கசு மருந்து கேட்காது. ஒருக்காவாவது டொக்டர் பார்த்துச் சொன்னால்தான் பிறகு தானாக அடையாளம் பிடிக்கலாம். உங்களுக்கும் கடி இருக்கிறதோ? அப்படி இல்லையென்றால் நீங்கள் மருந்து போடத் தேவையில்லை. இருந்தால் காட்டுங்கோ, சீனியும் பாருங்கோ.

லண்டன் மச்சாள்:

நான் ஊரில் சாவகச்சேரி, இப்ப லண்டனில் இருபது வருசத்துக்குக் கிட்ட. இங்கே இந்தக் கப்சூலைத் துண்டு இல்லாமலே பாமசியில் வாங்கலாம், ஆனால் ரீச்சருக்கு நடந்த மாதிரி உறைக்குள் போட்டுத் தர மாட்டார்கள். 16 வயதுக்குக் குறைவா, 60க்கு மேலா, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, என்ன மருந்து போடுகிறீர்கள், முந்தி டொக்டர் பார்த்து இதுதான் என்று சொன்னவரா, ஆறு மாதத்துக்குள் எத்தனை தரம் வந்தது, எல்லாம் கேட்பார்கள். ஆறு மாதத்தில் இரண்டு தரத்துக்கு மேல் என்றால் விற்க மாட்டார்கள், டொக்டரிடம் போகச் சொல்லிவிடுவார்கள். வரிசையில் பின்னுக்குத் தமிழ் ஆக்கள் நிற்க இவ்வளவும் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் ரீச்சர் இங்கே வந்திருந்தால் இரண்டு கேள்வியிலேயே பிடித்திருப்பார்கள்.

பருத்தித்துறைப் பிள்ளை:

அக்காமார், இடையில் வருவதற்கு மன்னியுங்கோ. நான் இப்போது மூன்று மாதம். எனக்கும் அதே கடி. ரீச்சர் சொன்ன கப்சூலைத் தங்கச்சி வாங்கி வைத்திருக்கிறா, இன்னும் போடவில்லை. ஒன்றுதானே, போட்டால் என்ன?

மந்திகை மிஸ்:

போடாதே பிள்ளை. நான் குடும்பநல வேலையில் கன காலம் இருந்தனான், இப்போது ஓய்வு. கர்ப்ப காலத்தில் இது வருவது சாதாரணம், ஆனால் வாயால் போடுகிற குளிசை அந்த நேரத்தில் தருவதில்லை. 2016 இல் டென்மார்க்கில் பிறப்புப் பதிவுகளை எல்லாம் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது, அதில் ஃப்ளூகொனசோல் குளிசை போட்ட தாய்மாரில் கரு கலைவது கூடுதலாக இருந்தது. கலைந்தே தீரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, கர்ப்பம் என்று தெரியாமல் ஒன்று போட்ட பிள்ளைகள் நிறையப் பேர் நல்ல சுகமாகப் பெற்றிருக்கினம், அப்படிப் போட்ட யாராவது இதை வாசித்தால் பயந்து அழாமல் கிளினிக்கில் சொல்லுங்கோ. ஆனால் வேறு நல்ல மருந்து கையில் இருக்கும்போது தெரிந்துகொண்டு ஏன் போட வேண்டும்? க்ளோற்றிமசோல் என்று உள்ளே வைக்கிற குளிசை இருக்கிறது, இரவில் படுக்கும்போது ஏழு நாள். ஒரு நாளில் முடிகிற பெரிய அளவும் விற்கிறார்கள், கர்ப்பத்துக்கு ஏழு நாள்தான் நல்லது. அதோடு வருகிற பிளாஸ்ரிக் குழாயால் தள்ளாமல், கையை வடிவாகக் கழுவிவிட்டு விரலால் வை. கடி நின்றுவிட்டது என்று இடையில் விடாதே. அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் சொல்லி, டொக்டரின் சொல்லோடு தொடங்கு. கிளினிக்கில் சலத்தில் சீனி பார்ப்பார்கள், ஏதும் வித்தியாசமாக இருந்ததா என்றும் கேள்.

ரீச்சர், உங்களுக்கும் ஒன்று. உங்களிடம் படித்த பெடியன் இப்போது டொக்டர். அவர் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று நினைக்கிறீர்கள்? அப்படியும் மனம் வரவில்லை என்றால் மந்திகை ஆஸ்பத்திரிக்கோ தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கோ போங்கோ, அல்லது உங்கட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வெல் வுமன் கிளினிக் நடக்கிற நாளைக் கேளுங்கோ. அங்கே பெண்கள்தான் வருவினம், கர்ப்பப்பை வாசல் சோதனையும் செய்வார்கள், உங்கட வயசுக்கு அது எப்படியும் தேவை.

பாமசிக்காரன்_திருநெல்வேலி:

மிஸ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், பால் கொடுக்கிற தாய்மாருக்கு ஒற்றைக் கப்சூல் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கோ. மற்றது, இங்கே வயிற்றெரிவு, சத்தி என்றால் டொம்பெரிடோன் வாங்கிப் போடாத வீடு இல்லை. ஃப்ளூகொனசோலோடு அதைப் போடக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் இருதயத் துடிப்பைக் குழப்பலாம். எரித்ரோமைசினும் அப்படித்தான். கொழுப்புக்குச் சிம்வாஸ்ரற்றின், அற்றோவாஸ்ரற்றின் போடுகிறவர்கள், வலிப்புக்கு ஃபெனிற்றோயின் போடுகிறவர்கள், எல்லாரும் முதலே சொல்ல வேண்டும். போடுகிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் கொட்டுங்கோ, எங்களுக்கும் அது சுகம், பெயர் ஞாபகமில்லை "வெள்ளைக் குளிசை, சின்னன்" என்று சொன்னால் நாங்கள் என்ன செய்வது.

கொக்குவில் ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. போய்விட்டு வந்து எழுதுகிறேன். அந்தப் பெடியனிடமே போனேன். "ரீச்சர் இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டுவிட்டு, நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டு அவவைக்கொண்டு சுவாப் எடுப்பித்தார், நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் சீனி 210க்கு மேல் நிற்கிறது, அதற்குத்தான் ஏச்சு விழுந்தது. சுவாப் முடிவு வர முந்திக் கப்சூல் ஒன்றும் வேண்டாம் என்று, க்ளோற்றிமசோல் உள்ளே வைக்கிறதும் வெளியில் பூச கிறீமும் இரண்டு கிழமைக்குத் தந்திருக்கிறார். எம்பாகிளிஃப்ளோசின் எழுதின டொக்டருக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார், அதை இப்போதைக்கு மாற்ற முடியுமா என்று. அம்மாவை வார்ஃபரின் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், நிஸ்ரற்றின் பற்றி அங்கே கேட்பேன். பல்செட் போட்டுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் படுத்திருக்கிறா, இப்போது கழற்றச் சொன்னால் "கள்ளன் வந்தால் பல்லில்லாமல் எப்படிக் கத்துறது" என்று கேட்கிறா.

ஒரு கேள்வி மட்டும். கிறீம் பூசுகிற நாட்களில் கணவரோடு சேரலாமா? அதைக் கேட்க வாய் வரவில்லை, படித்த பெடியன் எண்டாலும் ஒரு அளவு இருக்கிறதுதானே.

பாமசிக்காரன்_திருநெல்வேலி:

மருந்து முடியும் வரை விடுவது நல்லது அக்கா, புண்ணாகி இருக்கிற இடம். அதோடு அந்தக் கிறீமும் உள்ளே வைக்கிறதும் ஆணுறையின் ரப்பரைப் பழுதாக்கும், ஆணுறையை நம்பியிருக்கிற ஆக்கள் மருந்து முடிந்தும் சில நாள் பொறுக்க வேண்டும். மாதவிலக்கு வந்தால் உள்ளே வைக்கிறதை அந்த நாட்களில் எப்படிச் செய்வது என்று டொக்டரிடம் கேளுங்கோ. ரம்பொன் பாவிக்க வேண்டாம், மருந்தை அது உறிஞ்சிவிடும்.

சுவாப் முடிவில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று வந்தவுடன் இங்கே போடுங்கோ.